தட்டு பிடிக்கிறவள்

ஜூன் 8, திங்கள்

பல் டாக்டர் இன்றும் நடுரோட்டில் வண்டியை நிறுத்தினார். பிரேக் போட்டு இல்லை, கிளட்சைச் சட்டென்று விட்டு. ஊரார் பல்லையெல்லாம் அசராமல் பிடுங்குகிற மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கிறார். "உங்களுக்கு எவ்வளவு பொறுமை மேடம்!" என்றார். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிற என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. அந்தத் தைரியம்தான்.

நேற்றுப் பூசையில் நல்ல கூட்டம். சிஸ்டர் நன்மை கொடுத்த இரண்டாவது வரிசைக்கு நான் தட்டு பிடித்தேன். கை இன்னும் வலிக்கிறது. எங்கள் கோயிலில் இன்றைக்கும் நன்மை அப்பத்தை நாக்கில்தான் வைக்கிறார்கள். வாங்குகிறவர் முகவாய்க்குக் கீழே பித்தளைத் தட்டை நீட்டிப் பிடிக்க வேண்டும், அது ஆண்டவர் உடல், ஒரு துணுக்குகூடத் தரையில் விழக்கூடாது. பூசையில் ஃபாதருக்கு உதவுகிற பீடப்பணிக்குப் பிள்ளைகள் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அதுகளுக்கு டியூஷன். அதனால் அங்கி மாட்டிக்கொண்டு நிற்பது நாற்பத்துநான்கு வயதில் நானும், கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ரிட்டயரான ரூல்ஸ் அண்ணனும்தான். பெயர் சொன்னால் அவர் வீட்டு நாய்க்கே தெரியாது, ஊருக்கே அவர் ரூல்ஸ். மெழுகுவர்த்தியை நான் இடப்பக்கம் இருந்து ஏற்றிவிட்டால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேச மாட்டார்.

தட்டு பிடிக்கிறவளுக்குத் தெரியாத முகவாய் இந்த ஊரில் கிடையாது. யார் சவரத்தில் ஏமாற்றுகிறார், யாருக்குத் தாடைக்கு அடியில் மச்சம், யார் கண்ணை மூடிக்கொண்டு அழுகிறார், எல்லாம் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. சங்கத்து அக்கா முகவாயில் ஒற்றை முடி ஒன்று நீளமாக இருக்கிறது. மாதர் சங்கத்துக்கும் பங்குப் பேரவைக்கும் அவர்தான் தலைவி, கோயிலில் நாற்காலி நகர்ந்தால்கூட அவரைக் கேட்டுத்தான் நகரும். அந்த முடியைப் பற்றி அவரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதினால் சொன்னதாகாது.

ஜூன் 11, வியாழன்

காலையில் டீ குடித்தேன். சட்டையில் ஊற்றிக்கொண்டேன். கை தவறியது என்று நினைத்து மறுபடி குடித்தேன், மறுபடியும் சட்டை. இவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏய், என்ன உன் மூஞ்சி ஒரு பக்கம் இன்னும் தூங்குது?"

கண்ணாடியில் பார்த்தேன். வலப்பக்கம் அப்படியே தொங்குகிறது. கண் மூட மாட்டேன் என்கிறது. சிரித்துப் பார்த்தேன் — ஐயோ, பார்த்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார். பக்கவாதம் இல்லை, முகவாதம். முகத்து நரம்பு வீங்கியிருக்கிறதாம். பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். "பெரும்பாலும்னா?" என்று கேட்டேன். சிலருக்கு நாளாகும், சிலருக்குக் கொஞ்சம் அப்படியே நின்றுவிடும். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து. படுக்கும்போது கண் இமையை இழுத்து டேப் ஒட்டணும்.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அழுதுகொண்டே சிரித்தேன், அதாவது பாதி.

ஜூன் 14, ஞாயிறு

எழுதாமல் இருந்தால் தூங்க முடியாது.

பூசைக்குப் போனேன். ஏன் போகக்கூடாது? முகம்தானே, கையா கோணிவிட்டது? அங்கி மாட்டுகிற சக்ரீஸ்தி அறையில் ரூல்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார், இடைக்கயிறு முடிச்சு இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், திருப்பலிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அவ்வளவுதான்.

சாம்பிராணிப் புகை மூடாத கண்ணில் மிளகாய் மாதிரி எரிந்தது. தாங்கிக்கொண்டேன். நன்மை நேரம் வந்தது. பீடப்பணியாளர்கள்தான் முதலில் வாங்குவோம், பீடத்துப் படியில் முழங்கால் போட்டு. அதன் பிறகுதான் பக்கத்து மேசையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு மக்களிடம் இறங்குவோம். எனக்குத் தெரிந்த காலம் முதல் அதுதான் வழக்கம். ஃபாதர் அப்பத்தை நீட்டினார். "ஆமென்" என்றேன். உதடு ஒட்டாமல் "ஆவென்" என்றுதான் வந்தது. நாக்கில் வைத்தார். உள்ளே இழுத்தேன், வாய் மூட வேண்டுமே — மூடவில்லை. உதட்டோரமாக வழுக்கி விழுந்துவிட்டது. கம்பளத்தின் மேல். சத்தமே இல்லை, அப்பத்துக்கு எடை ஏது.

"அசையாத" என்றார் ரூல்ஸ். ஃபாதர் குனிந்து எடுத்துத் தாமே உட்கொண்டார். ரூல்ஸ் வெள்ளைத் துகிலைக் கொண்டுவந்து விழுந்த இடத்தை மூடினார். ஃபாதர் எனக்கு மறுபடி கொடுக்கவில்லை, மறந்துவிட்டாரா, பயந்துவிட்டாரா தெரியவில்லை. பூசை முடிந்ததும் அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்தோம், ரூல்ஸ் ஊற்ற, நான் முழங்காலில்.

வாசலில் சின்னப் பிள்ளை ஒன்று அம்மாவிடம் கேட்டது, "அந்த ஆன்ட்டி ஏன்மா சாமியத் துப்புனாங்க?" அந்த அம்மா பிள்ளை வாயைப் பொத்தினாள். என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

பங்கு அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஃபாதர், சங்கத்து அக்கா, மூலையில் ரூல்ஸ்.

அக்கா முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடித்தாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றோம். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. அங்கியெல்லாம் துவைச்சு அயர்ன் பண்ணணும், அத வேணா வீட்டுலயே செய்யி. அதுவும் சேவைதானே?"

"எனக்கு ரெஸ்ட் வேண்டாம்க்கா. வண்டி ஓட்டறேன், ஓட்டச் சொல்லிக் குடுக்கறேன். தட்டு பிடிக்க முடியாதா?"

"அது இல்லம்மா... ஜனங்க நன்மை வாங்க வாயத் தொறக்கற நேரம், எதிர்ல உன் முகம்... சிலபேருக்கு ஒரு மாதிரியா இருக்காம்."

"கண்ண மூடிக்கச் சொல்லுங்க."

ஃபாதர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நல்ல மனிதர், யாரும் முகம் சுளிக்கக்கூடாது அவருக்கு. "குணமானதும் கண்டிப்பா வாங்கம்மா. உங்க இடம் அப்படியே இருக்கும்."

"குணமாகலைன்னா, ஃபாதர்?"

மின்விசிறியைப் பார்த்தார். அக்கா மேசைத் துணியை நேராக்கினார். ரூல்ஸ் வாயைத் திறக்கவே இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்ற மனிதர்! சக்ரீஸ்தி சாவியைக் கேட்டார்கள், கொடுத்தேன். அங்கியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மற்ற அங்கிகளை அவர்களே துவைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 17, புதன்

கோபம். சாப்பிடவில்லை. சாப்பிட்டாலும் பாதி வெளியேதான் வருகிறது.

ஜூன் 21, ஞாயிறு

முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பின்னால் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவேன் என்று நினைத்திருப்பார்கள். நடு இடம். ஃபாதர் பிரசங்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான்.

நன்மைக்குப் போகவில்லை. முடிவு பண்ணிவிட்டேன், வாங்கினால் என் இடத்தில் முழங்கால் போட்டு வாங்குவேன், இல்லையென்றால் வேண்டாம். பெஞ்சில் எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். என்ன பாவம் பண்ணினாளோ என்று ஒவ்வொரு முதுகும் கேட்டது. கேட்கட்டும்.

ஆனால் பசி மாதிரி ஒன்று இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஃபாதர் வரிசைக்கு ரூல்ஸ் தட்டு பிடித்தார். சிஸ்டர் வரிசைக்கு ஆளே இல்லை. தட்டு மேசை மேல் சும்மா கிடந்தது. ரூல்ஸ் இரண்டு முறை திரும்பி அதைப் பார்த்தார். செருப்பில் கல் மாட்டியவர் முகம்.

ஜூன் 24, புதன்

"ரோட்டப் பாருங்க டாக்டர், என் வாய அப்புறம் பாக்கலாம்."

"சாரி மேடம், தொழில் புத்தி."

பிறகு ஓரமாக நிறுத்தச் சொல்லி நானே கேட்டேன். வாய் மரத்துப்போனவர்களுக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பீர்கள்? நல்ல பக்கம் தலையைச் சாய்த்து, நல்ல பக்கமாகக் கொடுப்பார்களாம். கெட்ட பக்கத்து உதட்டை விரலால் லேசாகத் தாங்கிக்கொள்ளலாமாம். "எதுக்கு மேடம், தண்ணிக்கா?" "தண்ணிக்கு இல்ல" என்றேன். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். ஆச்சரியம், இன்று ஒரு முறைகூட வண்டி நிற்கவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

இன்று சிஸ்டர் வரிசைக்குத் தட்டு பிடிக்க அக்கா தன் மருமகளை இறக்கினார். பாவம், அந்தப் பெண்ணுக்குத் தட்டைப் பார்க்க வேண்டுமா ஆளைப் பார்க்க வேண்டுமா தெரியவில்லை. தச்சர் ஆள் நெட்டை, அவர் குரல்வளையில் ஒரு இடி. தபால் ஆபீஸ் அம்மா குட்டை, அவருக்கு மூக்கில். தச்சர் இருமிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். சிரித்தால்தான் என்ன, பாதிதானே வெளியே தெரியப்போகிறது.

அடுத்த வாரம் வரமாட்டாளாம், மருமகள்.

ஜூலை 3, வெள்ளி

சமையலறையில் பயிற்சி. பிஸ்கட்டை மெல்லிசாகச் சீவி வைத்துக்கொண்டு இவரை ஃபாதராக்கினேன். தலையை இடப்பக்கம் சாய்த்து, நாக்கை நீட்டி. இவருக்குக் கோயில் என்றால் ஸ்பீக்கர் ரிப்பேர், அவ்வளவுதான் பழக்கம். ஆனால் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு நீட்டினார். விழுந்தது. மறுபடி. விழுந்தது. மறுபடி நின்றது, மறுபடி விழுந்தது. கடைசியில் ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையில் சாஸரை எடுத்து என் முகவாய்க்கு அடியில் பிடித்தார், எதேச்சையாக.

"விழுந்தா இதுல விழுது. இப்ப என்ன?"

"அங்க யாரு பிடிப்பா?"

"ஏன், ஊருக்கே நீதானே பிடிக்கிற. உனக்கு ஒருத்தரும் பிடிக்க மாட்டாங்களா?"

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லையே! படியில் நாங்கள் வாங்கும்போது தட்டு மேசையில்தான் கிடக்கும். எங்களுக்கு எதற்கு என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்.

உண்மையைச் சொல்கிறேன். அக்காவுக்குப் பயமில்லை, ஊர் வாய்க்கும் பயமில்லை. மறுபடி கீழே விழுந்துவிட்டால் என்ற பயம்தான். அது பிஸ்கட் இல்லை.

ஜூலை 11, சனி

மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். பாட்டுக் குழுவில் பாடுகிற பெண்மணி ஒருத்தி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க, மனசுல ஏதாவது கோபமா? அன்னைக்கு அப்படித் துப்பிட்டீங்களே" என்றாள்.

ஆறுதல் சொல்கிற முகம் வேறு!

"துப்பல. விழுந்துச்சு" என்றேன். "எனக்கு வாதம். வாய் மூடாது. உங்களுக்கு மூடும்தானே? மூடிக்கிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து அங்கியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட்டேன். நான் ஒதுங்கி ஒதுங்கி இருந்தால் துப்பினவள் என்ற பெயரே நிலைத்துவிடும். குணமாகிற வரைக்கும் காத்திரு என்றால், குணமாகாதவள் எங்கே போவாள்? கோணல் முகத்தோடு நிற்கக்கூடாத இடமா அது? அப்படியானால் அங்கே யார்தான் நிற்க முடியும்?

நாளைக்குப் போகிறேன். விரட்டினால் விரட்டட்டும், பூசை நேரத்தில், எல்லார் முன்னாலும்.

ஜூலை 12, ஞாயிறு

போனேன்.

வீட்டிலிருந்தே அங்கியை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து போனேன். இவரும் கூட வந்தார். "மைக் பாக்கணும், கொஞ்சம் இரையுது" என்றார். மைக்குக்கு ஒன்றுமே இல்லை.

சக்ரீஸ்தியில் ஃபாதர் மேலாடையைப் பாதி மாட்டியபடி நின்றார், தலை வெளியே வந்தது, என்னைப் பார்த்தது. அக்கா முந்திக்கொண்டார்.

"என்னம்மா இது, நாமதான் பேசி முடிச்சோமே?"

"நீங்க பேசினீங்க. நான் முடிக்கல."

"சரி, ஒத்துக்கறேன், தட்டு பிடிப்ப. ஆனா நீ வாங்கறப்ப மறுபடி விழுந்தா? அதச் சொல்லு முதல்ல."

அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "விழலாம்க்கா" என்றேன். "நல்லாதான் பழகியிருக்கேன். ஆனாலும் விழலாம்."

"விழுந்தா தட்டுல விழும்" என்றது ஒரு குரல். ரூல்ஸ். எங்களைப் பார்க்கவே இல்லை, இடைக்கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றீங்க சார்?" என்றார் அக்கா.

"தட்டு நன்மை வாங்கற எல்லாருக்கும்னுதான் விதியில இருக்கு. பீடத்துல நிக்கறவங்களுக்கு வேண்டாம்னு எங்கயும் இல்ல. அன்னைக்குத் தட்டு மேசை மேல கெடந்துச்சு. அது தப்பு. விழுந்தது தப்பு இல்ல."

"அது நம்ம வழக்கமாச்சே, எத்தனையோ வருஷமா..."

"அத்தனை வருஷமும் தப்பு." முடிச்சை இழுத்துப் பார்த்தார். "வழக்கம் வேற, விதி வேற. ரெண்டாவது வரிசை மூணு வாரமா தட்டு இல்லாம நடக்குது, அதுவும் தப்பு. நடுவுல ஒரு வாரம் இருந்துச்சு, அது அதவிடத் தப்பு." பிறகு என்னிடம், "ஏம்மா, லேட்டு. மெழுகுவர்த்தி யாரு ஏத்துவா? வலப்பக்கத்துலேருந்து."

ஃபாதர் மேலாடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "போங்கம்மா, ஏத்துங்க" என்றார்.

புகை எரித்தது. நின்றேன். நேரம் வந்ததும் படியில் முழங்கால் போட்டேன். பக்கத்தில் அங்கி சரசரத்தது. முகவாய்க்குக் கீழே குளிர்ச்சியாக ஏதோ பட்டது. தட்டு. எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறேன், அது இவ்வளவு குளிர்ச்சி என்று தெரியாது எனக்கு.

"ஆவென்."

தலையைச் சாய்த்தேன். ஃபாதர் பழக்க தோஷத்தில் நடுவில்தான் வைத்தார். வழுக்கியது. டிக் என்று ஒரு சத்தம், பித்தளையில். கோயிலுக்கே கேட்டிருக்கும்.

தட்டு அசையவில்லை. ஃபாதர் அப்பத்தைத் தட்டிலிருந்து எடுத்தார், என் முகத்தை ஒரு கணம் நன்றாகப் பார்த்தார், அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக. நல்ல பக்கமாக வைத்தார். நின்றது. விழுங்கினேன். மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது எப்போதும் வருவதுதான், ஆனால் இன்றைக்கு இன்னொரு கண்ணிலும் வந்தது.

எழுந்து என் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது வரிசைக்கு இறங்கினேன். தச்சர் என்னைக் கண்டதும் குரல்வளையைத் தடவி, நிம்மதியாக வாயைத் திறந்தார். அந்தச் சின்னப் பிள்ளையின் அம்மா வந்தாள். தலையைக் குனிந்தபடி நின்றாள், வாங்க வேண்டுமென்றால் நிமிர வேண்டுமே, நிமிர்ந்தாள். சங்கத்து அக்கா எப்போதும் சிஸ்டர் வரிசைதான், இன்றைக்கு மாறினால் ஊரே பார்க்கும். வந்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முகவாயைத் தூக்கினார். பிடித்தேன், நேராக, ஆடாமல்.

ஒற்றை முடி அங்கேயேதான் இருந்தது.

முடிந்ததும் ரூல்ஸிடம் கேட்டேன். "அண்ணே, இத அன்னைக்கே ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே? ஒரு மாசம் என்னைய அழ வச்சீங்களே?"

"என்னைய யாரும் கேக்கல" என்றார்.

அந்தத் தட்டாலேயே அவர் தலையில் ஒன்று போடலாம் போல இருந்தது. பிறகு துகிலை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தோம்.

ஜூலை 13, திங்கள்

பல் டாக்டர் லைசன்ஸ் டெஸ்டில் தேறிவிட்டார். ரிவர்ஸ் எடுக்கும்போது என் நினைவு வந்ததாம். எதற்கு என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கண் இப்போது முக்கால்வாசி மூடுகிறது. வாயோரம் அப்படியேதான். டாக்டர் இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்கிற மாதிரி பேசினார். சரி.

புதிதாக ஒருவர் பீடப்பணிக்கு வந்திருக்கிறார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்குள் தள்ளாடாமல் நிற்கத் தெரியும் என்று அவரே சொன்னார். சங்கத்து அக்கா அவருக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு, பீடத்துப் படியருகே நின்று விளக்கிக்கொண்டிருந்தார். "இங்க நிக்கிறவங்க வாங்கும்போதும் தட்டு பிடிக்கணும். ஒருத்தருக்கு ஒருத்தர். எங்க கோயில்ல ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான். இல்லம்மா?"

என்னைத்தான் கேட்டார். ரூல்ஸ் வாயைத் திறக்கப் போனார், அவர் காலை மிதித்தேன்.

"ஆமாக்கா" என்றேன்.

அக்கா போனதும் கண்டக்டர் கையில் தட்டைக் கொடுத்தேன். எவ்வளவு உயரத்தில் பிடிப்பது, யாருக்கு இறக்குவது, யாருக்கு ஏற்றுவது என்று கேட்டார். சொல்லிப் புரியாது, பிடித்துத்தான் பழக வேண்டும். படியில் முழங்கால் போட்டு, முகத்தை நிமிர்த்தினேன்.

"முதல்ல எனக்குப் பிடிங்க" என்றேன்.